தேவையை அறிதலும் இடரைத் தாங்குதலும்
கணிப்பொறித் திட்டங்களில் நிச்சயமின்மையைக் கையாளும் முறை

ஆற்றின் குறுக்கே பாலம் கட்ட முற்படும் பொறியாளர் முதலில் நிலத்தைத் துளையிட்டு மண்ணின் தன்மையை ஆராய்கிறார். பாறை எத்தனை மீட்டர் ஆழத்தில் உள்ளது என்பதை அறியாமல் தூணின் நீளத்தை எவரும் குறிப்பதில்லை. ஆனால், ஓர் அரசுத் துறை தன் பணிகளைக் கணிப்பொறி வழியே நடத்த முற்படும்போது இத்தகைய மண் ஆய்வு பல வேளைகளில் நடைபெறுவதில்லை. நான்கைந்து கூட்டங்கள் நடக்கின்றன, தேவைப் பட்டியல் ஒன்று தயாராகிறது, உரியவர் கையெழுத்திடுகிறார், ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. பட்டியலில் கண்டவை அனைத்தும் ஒரே அளவு உறுதியானவை என்று எல்லோரும் கருதிக்கொள்கின்றனர். பின்னர் நேரும் காலத் தாழ்வுக்கும், மிகைச் செலவுக்கும், மக்கள் படும் இன்னலுக்கும் இந்தக் கருத்தே பெரும்பாலும் வித்தாக அமைகிறது.

வளர்ச்சித் திட்டங்களின் பயன் இன்று பெருமளவு கணிப்பொறி வழியாகவே மக்களைச் சென்றடைகிறது. ஓய்வூதியம், உணவுப் பொருள், கல்வி உதவித்தொகை, வரித் திருப்பம் ஆகிய அனைத்தும் ஏதேனும் ஒரு மென்பொருளின் விதிகளுக்கு உட்பட்டே வழங்கப்படுகின்றன. அவ்விதிகளை எழுதும்போது செய்யப்படும் பிழை, எழுதியவரைத் தாக்குவதில்லை. வரிசையில் நிற்பவரையே தாக்குகிறது. ஆகவே, தேவைகளை வரையறுக்கும் கட்டத்தில் உள்ள இடர்கள் யாவை, அவற்றை எவ்வாறு அடையாளம் காண்பது, எவ்வாறு குறைப்பது என்பவற்றை மாணவரும் அலுவலரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

தேவைப் பொறியியல் என்பது யாது?

1968ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில், நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மாநாடு நடைபெற்றது. மென்பொருள் ஆக்கத்தையும் ஒரு பொறியியல் துறையாகக் கருத வேண்டும் என்ற எண்ணம் அங்குதான் பரவலாக விவாதிக்கப்பட்டது. மென்பொருள்கள் காலம் கடந்து முடிவதும், செலவு மிகுவதும், முடிந்த பின்னரும் எதிர்பார்த்த பயன் தராமல் போவதும் அந்நாளிலேயே பெருங்கவலையாக இருந்தன. நிரலை எழுதுவதைவிட, எதை எழுத வேண்டும் என்று முடிவு செய்வதே கடினமானது என்ற உண்மை அதன்பின் படிப்படியாகத் தெளிவாயிற்று. அந்த முடிவை ஒழுங்கான முறையில் எட்டுவதற்கான துறையே தேவைப் பொறியியல் ஆகும். கேட்டறிதல், ஆராய்தல், எழுதுதல், சரிபார்த்தல், மாற்றங்களை ஆளுதல் என்பன இதன் ஐந்து பணிகள்.

தேவை ஆவணம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட மின், மின்னணுப் பொறியாளர் கழகம் 1984இல் 830 என்ற எண்ணுடைய நெறியை வெளியிட்டது. பின்னர் 2011இல் 29148 என்ற பன்னாட்டு நெறி அதன் இடத்தைப் பெற்றது. பழைய நெறியின் 1998ஆம் ஆண்டுப் பதிப்பு, நல்ல தேவை ஆவணத்தின் பண்புகளாகச் சரியாக இருத்தல், ஐயமின்றி இருத்தல், முழுமையாக இருத்தல், முன்னுக்குப்பின் முரணின்றி இருத்தல் முதலியவற்றைக் கூறுகிறது. அவற்றோடு, ஒவ்வொரு தேவையும் அதன் முக்கியத்துவத்தின்படியோ நிலைத்தன்மையின்படியோ தரப்படுத்தப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. நடைமுறையில் பெரிதும் மறக்கப்படுவது இந்தப் பண்பேயாகும். இது மாறுமா, மாறாதா. நமக்கு இது உறுதியாகத் தெரியுமா, அல்லது ஊகமா என்ற குறிப்பு ஒவ்வொரு தேவைக்கும் அருகில் இருந்தால், பிற்காலத்துத் தகராறுகளில் பல எழாமலே போகும்.

இடர் வேறு, நிச்சயமின்மை வேறு

பொருளியல் அறிஞர் பிராங்க் நைட் 1921இல் வெளியிட்ட நூலில் இடருக்கும் நிச்சயமின்மைக்கும் இடையே ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். நிகழக்கூடியவை இன்னின்னவை என்றும், ஒவ்வொன்றும் நிகழ்வதற்குரிய வாய்ப்பு இவ்வளவு என்றும் கணக்கிட முடியுமானால் அது இடர். அவ்வாறு கணக்கிடவே இயலாத நிலை நிச்சயமின்மை. பயிர் காப்பீட்டு நிறுவனம் பல ஆண்டு மழைக் கணக்கை வைத்துக்கொண்டு கட்டணம் நிர்ணயிப்பது முதல் வகை. இதற்குமுன் எவரும் செய்திராத ஒரு பணியின் விளைவைக் கூற முற்படுவது இரண்டாம் வகை.

கணிப்பொறித் திட்டத்தின் தொடக்கத்தில் நம்மிடம் உள்ளது பெரும்பாலும் நிச்சயமின்மையே. 1981இல் பேரி போம் வெளியிட்ட மென்பொருள் பொருளியல் நூல் இதனை ஒரு வரைபடத்தால் விளக்கியது. திட்டம் சாத்தியமா என்று ஆராயும் கட்டத்தில் கூறப்படும் செலவு மதிப்பீடு, உண்மைச் செலவின் நான்கில் ஒரு பங்காகவும் இருக்கலாம், நான்கு மடங்காகவும் இருக்கலாம் என்பது அவ்வரைபடத்தின் கருத்து. தேவைகள் தெளிவடையத் தெளிவடைய இந்த வேறுபாடு குறைந்து, கூம்பு போல ஒடுங்குகிறது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். காலம் செல்வதால் மட்டும் இந்தக் கூம்பு ஒடுங்குவதில்லை. தெரியாதவற்றைத் தேடி அறியும் வேலை நடந்தால்தான் ஒடுங்குகிறது. ஓராண்டு கழிந்தும் எவரும் களத்திற்குச் சென்று பார்க்கவில்லை எனில், முதல் நாள் இருந்த நிச்சயமின்மை அப்படியே இருக்கும். நாட்காட்டி மட்டுமே மாறியிருக்கும். தேவைப் பொறியியலில் இடர் மேலாண்மை என்பதன் சாரம் இதுவே: நிச்சயமின்மையை உழைத்து இடராக மாற்றுதல், இடரை அளந்து, தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்தல்.

மூவகை ஐயங்கள்

தேவைகளில் தோன்றும் ஐயங்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. அவற்றை மூன்றாகப் பிரித்துக் காண்பது பயன்தரும். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள முதியோருக்கான இத்திட்டத்தில் 2011இல் தகுதி வயது 65இலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய் எனவும், 80 வயது முதல் 500 ரூபாய் எனவும் வகுக்கப்பட்டது. விதி மிக எளிமையானது. இதனை மென்பொருளில் எழுத முற்படும்போது என்ன நேர்கிறது என்று காண்போம்.

முதலாவது, அறியாமையால் வரும் ஐயம். விண்ணப்பிக்கும் முதியவர்களில் எத்தனை பேரிடம் பிறந்த தேதிக்குச் சான்று உள்ளது? பலரிடம் வயது மட்டுமே தோராயமாகத் தெரியும்; நாளும் மாதமும் தெரியாது. படிவத்தில் பிறந்த தேதி கட்டாயம் என்று அமைத்தால், எழுத்தர் ஏதேனும் ஒரு தேதியை இட்டு நிரப்புவார். தென்னிந்தியர் பலர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே இடுவர். குடும்பப்பெயர் என்று ஒன்று அவர்களுக்கு இராது. குடும்பப்பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவத்திலும் இதே கதைதான். இவ்வகை ஐயத்திற்கு மருந்து, சென்று பார்த்தல். உண்மை களத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் அதனை அறியவில்லை.

இரண்டாவது, முடிவின்மையால் வரும் ஐயம். 80 வயது நிறைவு எந்த நாளில் கணக்கிடப்படும்? பிறந்த நாளிலா, அடுத்த மாத முதல் நாளிலா, அடுத்த நிதியாண்டின் தொடக்கத்திலா? கணக்குப் பிரிவு ஒன்று கூறும்; களப் பணியாளர் வேறொன்று கூறுவர். வேறுபாடு மாதம் 300 ரூபாய். நிதியாண்டு வரை காத்திருக்க வேண்டுமெனில் ஒருவருக்கு ஏறத்தாழ 3,600 ரூபாய் வரை இழப்பாகலாம். எத்தனை முறை களத்திற்குச் சென்றாலும் இதற்கு விடை கிடைக்காது. அதிகாரம் உள்ளவர் முடிவெடுக்க வேண்டும். அவர் எடுக்காவிடில், எங்கோ அமர்ந்து நிரல் எழுதும் இளைஞர் தாமறியாமலே அம்முடிவை எடுத்துவிடுவார். அரசாணையில் இல்லாத ஒரு விதி இவ்வாறு நாடெங்கும் நடைமுறைக்கு வந்துவிடும்.

மூன்றாவது, மாற்றத்தால் வரும் ஐயம். தகுதி வயதும் தொகையும் நாளை மாறலாம். 2011இல் மாறியது போல. எப்போது, எவ்வளவு மாறும் என்பதை இன்று எவராலும் கூற இயலாது. இதற்குச் சென்று பார்த்தலும் உதவாது, முடிவெடுத்தலும் உதவாது. மாறக்கூடியவற்றை நிரலின் உள்ளே பொதியாமல், அட்டவணையில் தனியே வைத்து, உரிய அலுவலர் திருத்தக்கூடியவாறு அமைப்பதே வழி.

அறியாமைக்கு ஆய்வு, முடிவின்மைக்குத் தீர்மானம், மாற்றத்திற்கு இடம். ஒன்றன் மருந்தை மற்றொன்றிற்குத் தருவதால் பயன் விளையாது. முடிவெடுக்க வேண்டிய இடத்தில் மேலும் ஓர் ஆய்வுக் குழு அமைப்பதும், ஆய்வு செய்ய வேண்டிய இடத்தில் கூட்டத்தில் அமர்ந்தே முடிவெடுப்பதும் நம் அலுவலகங்கள் அறியாதவை அல்ல.

மறைந்து நிற்கும் அனுமானங்கள்

ஐயம் என்று உணரப்பட்டது பாதி ஆபத்துதான். ஐயம் என்றே உணரப்படாமல் தேவைக்கு அடியில் மறைந்து நிற்கும் அனுமானமே பேராபத்து. இதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்றாகும்.

இலண்டன் அவசர மருத்துவ ஊர்திச் சேவை 1992 அக்டோபர் 26 அன்று கணிப்பொறி வழி ஊர்தி அனுப்பும் முறைக்கு மாறியது. நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 அழைப்புகள் வரும் சேவை அது. எந்த ஊர்தி எங்கே உள்ளது, எந்நிலையில் உள்ளது என்ற செய்தி ஏறக்குறையப் பிழையின்றிக் கிடைக்கும் என்பது அம்முறையின் அடிப்படை அனுமானம். ஊர்திப் பணியாளர் ஒவ்வொரு கட்டத்திலும் உரிய பொத்தானை அழுத்துவர், வானொலிச் செய்தி தடையின்றி வந்து சேரும் என்பன அதன் பகுதிகள். உண்மை நிலை வேறாக இருந்தது. ஊர்தியின் இருப்பிடம் தவறாகப் பதிவாயிற்று. அதனால் தவறான ஊர்தி அனுப்பப்பட்டது. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து, பழையவை கண்ணில் படாமல் மறைந்தன. உதவி வராததால் மக்கள் மீண்டும் மீண்டும் அழைத்தனர். அந்த அழைப்புகளால் முறை மேலும் தளர்ந்தது. நவம்பர் 4 அன்று கணிப்பொறி முற்றிலும் நின்றுவிட்டது. மாற்று ஏற்பாடாக வைத்திருந்த கணிப்பொறியும் கைகொடுக்கவில்லை. பணியாளர்கள் காகிதத்திற்கும் தொலைபேசிக்கும் திரும்பினர்.

1993 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை, ஒரே அடியில் முழு நகரத்தையும் புதிய முறைக்கு மாற்றியதையும், போதிய சோதனை இல்லாமையையும், மிகக் குறைந்த காலக்கெடுவையும் சுட்டிக்காட்டியது. பணியாளரின் நம்பிக்கை பெறப்படாமையும் அதில் இடம்பெற்றது. அதே சேவை 1996இல் படிப்படியாக, பணியாளரையும் உடன் சேர்த்துக்கொண்டு வேறொரு முறையை வெற்றியுடன் நிறுவியது. தேவை இரு முறையும் ஒன்றே; அணுகுமுறைதான் மாறியது.

மற்றொன்று ஐரோப்பிய விண்வெளித் துறையைச் சார்ந்தது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஏரியான்-5 ஏவுகலம் புறப்பட்ட 40 விநாடிகளுக்குள் சிதறியது. கிளஸ்டர் ஆய்வுத் திட்டத்தின் நான்கு துணைக்கோள்களும் அதனுடன் அழிந்தன. வழிநடத்தும் கருவியின் மென்பொருள், முந்தைய ஏரியான்-4 கலத்திலிருந்து எடுத்தாளப்பட்டது. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் நிரல் அதில் இருந்தது. அத்தகைய இடத்தில் 32,767க்கு மேற்பட்ட எண் அடங்காது. ஏரியான்-4இன் பயணப் பாதையில் அந்த எல்லை ஒருபோதும் தாண்டப்படவில்லை. ஏரியான்-5 விரைவாக வேகம் கொள்ளும் கலம், எல்லை தாண்டப்பட்டது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் இருந்ததால், இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. வேதனைக்குரிய செய்தி என்னவெனில், பிழை நேர்ந்த அந்த நிரற்பகுதிக்கு, கலம் தரையைவிட்டு எழுந்த பின் ஏரியான்-5இல் எவ்விதப் பணியும் இல்லை. பழைய கலத்தின் தேவைக்காக எழுதப்பட்டு, காரணம் மறைந்த பின்னும் அது நீடித்திருந்தது.

இந்நிகழ்ச்சி ஒரு விதியைக் கற்பிக்கிறது. தேவையை எழுதும்போது அதற்குரிய காரணத்தையும், அது எந்தச் சூழலில் பொருந்தும் என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும். ஒரு மாநிலத்தில் நன்கு நடக்கும் மென்பொருளை மற்றொரு மாநிலத்திற்குக் கொண்டுசெல்லும் ஒவ்வொரு முறையும் நாம் செய்வது, ஏரியான்-4இன் மென்பொருளை ஏரியான்-5இல் பொருத்தும் செயலே. நிரல் இடம்பெயர்கிறது, அனுமானங்களும் கண்ணுக்குத் தெரியாமல் உடன் வருகின்றன.

சரக்கு மற்றும் சேவை வரி தரும் பாடம்

மாறும் தேவைகளைக் கொண்டு பெரிய அமைப்பை எழுப்பியதற்கு நம் நாட்டில் சரக்கு மற்றும் சேவை வரியின் வலையமைப்பு தக்க சான்று. இதற்கான நிறுவனம் 2013இல் பதிவு செய்யப்பட்டது; மென்பொருளைக் கட்டும் ஒப்பந்தம் 2015இல் வழங்கப்பட்டது. இவ்வரிக்கு வழிவகுத்த 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2016 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. மத்தியச் சட்டம் 2017 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. பெரும்பாலான பொருள்களுக்கான வரி விகிதங்கள் மே மாதம் ஸ்ரீநகர் கூட்டத்தில் முடிவாயின. ஜூலை 1 அன்று வரி அமலுக்கு வந்தது. அதாவது, சட்டம் உருவாகும் முன்பே அச்சட்டத்தை நிறைவேற்றும் மென்பொருளைக் கட்ட வேண்டியிருந்தது. இதில் எவரையும் குறைகூறிப் பயனில்லை. சட்டம் முடிந்த பின் கட்டத் தொடங்கியிருந்தால் மேலும் சில ஆண்டுகள் கழிந்திருக்கும். நிச்சயமின்மை அத்திட்டத்தின் இயல்பாகவே இருந்தது.

முதலில் வகுக்கப்பட்ட முறைப்படி, விற்பவர் தம் விற்பனைப் பட்டியல் விவரங்களை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் முதல் படிவத்தில் தர வேண்டும். வாங்குபவர் அவற்றை இரண்டாம் படிவத்தில் கண்டு, 15ஆம் தேதிக்குள் ஏற்கவோ திருத்தவோ வேண்டும். 20ஆம் தேதிக்குள் மூன்றாம் படிவம் நிறைவு பெற வேண்டும். ஒருவர் செலுத்தும் வரியே மற்றவருக்கு வரவாகும் என்பதால், இரண்டும் பொருந்த வேண்டும் என்பது இதன் நோக்கம். கருத்தளவில் குறையற்ற முறை. ஆயின், கணக்கரை அமர்த்த இயலாத சிறு வணிகர் மாதம் மூன்று படிவங்களை ஐந்து ஐந்து நாள் இடைவெளியில் நிறைவு செய்வார் என்ற அனுமானம் அதனுள் இருந்தது. தொடக்க மாதங்களுக்கு மட்டும் என்று 3பி என்னும் சுருக்கப் படிவம் அறிமுகமாயிற்று. 2017 நவம்பரில் இரண்டாம், மூன்றாம் படிவங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகமாக வந்த 3பி படிவமே நிலைபெற்றது. புதிய எளிய படிவங்கள் வகுக்கப்பட்டு 2019இல் முன்னோட்டம் பெற்றன. பின்னர் அவையும் கைவிடப்பட்டன. 2020இல், வாங்குபவருக்குரிய வரவைத் தானாகத் தொகுத்துக் காட்டும் 2பி அறிக்கை வந்தது. விற்பவர் தந்த பட்டியலை வாங்குபவர் ஏற்கவோ மறுக்கவோ செய்யும் வசதி, பட்டியல் மேலாண்மை முறை என்ற பெயரில் 2024 அக்டோபரில் இடம்பெற்றது.

இந்த ஏழாண்டு வரலாற்றை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வரியும் வரவும் பொருந்த வேண்டும் என்ற அடிப்படைத் தேவை ஒருநாளும் மாறவில்லை. அதனை நிறைவேற்றும் வழியே திரும்பத் திரும்ப மாறியது. எது வேண்டும் என்பதையும் எவ்வாறு செய்வது என்பதையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதினால், வழி மாறும்போதெல்லாம் தேவையும் மாறியதாகத் தோன்றும், ஒப்பந்தமும் குலையும். இரண்டையும் பிரித்து எழுதினால் மாற்றத்தின் சுமை குறையும்.

வரி விகிதங்களும் அவ்வாறே. 2017 நவம்பரில் 178 வகைப் பொருள்கள் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்திற்கு ஒரே கூட்டத்தில் மாற்றப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரு விகிதங்களுக்குள் கொண்டுவரப்பட்டன. விகிதத்தை அட்டவணையில் வைத்திருந்த வணிகர் சில மணி நேரத்தில் மாறிக்கொள்ளலாம். நிரலுக்குள் பதித்திருந்தவருக்கோ அது பெரும்பாடு.

ரூபாய் 50,000க்கு மேற்பட்ட சரக்கை எடுத்துச் செல்வதற்குரிய மின்வழிச் சீட்டு முறையும் குறிப்பிடத்தக்கது. 2018 பிப்ரவரி 1 அன்று நாடெங்கும் அது தொடங்கியபோது, முதல் நாளிலேயே இணைய வாயில் சுமையைத் தாங்காமல் தடுமாறியது, அன்றே ஒத்திவைக்கப்பட்டது. மீண்டும் ஏப்ரல் 1 அன்று மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்திற்குத் தொடங்கப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஆந்திரப் பிரதேசம், குஜராத், கேரளம், தெலங்கானா, உத்தரப் பிரதேசம் ஆகியவற்றில் மாநிலத்திற்குள்ளும் அமலாயிற்று. ஜூன் மாதத்திற்குள் ஏனைய மாநிலங்களும் படிப்படியாகச் சேர்ந்தன. எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவர் என்பது ஊகமாக இருக்கும்வரை, சிறு அளவில் தொடங்கி அளந்து விரிப்பதே அறிவுடைமை.

இடரை அளக்கும் எளிய கணக்கு

எல்லா ஐயங்களையும் ஒரே நேரத்தில் தீர்க்கப் பணமும் ஆளும் போதா. எதனை முதலில் எடுப்பது? நிகழும் வாய்ப்பையும், நிகழ்ந்தால் ஏற்படும் இழப்பையும் பெருக்கினால் இடரின் அளவு கிடைக்கும். ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். உதவித்தொகைத் திட்டம் ஒன்றில் விண்ணப்பத்தைப் பள்ளியிலேயே இணையம் வழி நிரப்பலாம் என்று கொள்ளப்பட்டுள்ளது. தொலைவிலுள்ள பள்ளிகளில் இணைப்பு போதாமல் இந்த அனுமானம் பொய்க்கும் வாய்ப்பு 0.3 எனவும், பொய்த்தால் மறுபடி செய்ய 40 இலட்சம் ரூபாய் ஆகும் எனவும் வைத்துக்கொள்வோம். இடரின் அளவு 12 இலட்சம். 2 இலட்சம் செலவில் இருபது பள்ளிகளில் முன்கூட்டியே சோதித்து, அதற்கேற்ப வடிவத்தைத் திருத்தினால் வாய்ப்பு 0.1 ஆகக் குறையும் எனில், இடர் 4 இலட்சமாகும். 8 இலட்சம் இடர் குறைய 2 இலட்சம் செலவு. ஒரு ரூபாய்க்கு நான்கு ரூபாய் பயன். இந்த விகிதம் எதற்கு மிகுதியோ அதனை முதலில் செய்யலாம்.

இக்கணக்கிற்கு ஓர் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. இழப்பு என்ற பத்தியில் துறையின் செலவு மட்டும் எழுதப்பட்டால், மக்களின் இழப்பு சுழியமாகத் தோன்றும். உதவித்தொகை வராமல் படிப்பை நிறுத்திய மாணவியின் இழப்பை 40 இலட்சத்தில் எங்கே சேர்ப்பது? பணத்தால் அளக்க இயலாத இழப்புகளைத் தனிப் பத்தியில், எத்தனை பேருக்கு, எத்தகைய துன்பம், மீட்க இயலுமா இயலாதா என்று எழுதுதல் வேண்டும். மீட்க இயலாத இழப்பு உள்ள இடத்தில், வாய்ப்பு சிறிதாயினும் மாற்று வழி கட்டாயம்.

முன்னோட்டம் எங்கே நடத்துவது?

முன்னோட்டத்தின் பயன் அது நடக்கும் இடத்தைப் பொறுத்தது. மின்சாரமும் இணையமும் குறைவின்றி உள்ள மாவட்டத் தலைநகரில், ஆர்வமிக்க அலுவலரைக் கொண்டு நடத்தப்படும் முன்னோட்டம் வெற்றி பெறும். ஆனால் எதனையும் கற்பிக்காது. அனுமானம் எங்கே பொய்க்கக்கூடுமோ அங்கேயே சோதிப்பது முறை.

ஆதார் எண் வழங்கும் பணி 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்துத் தெம்ப்லி சிற்றூரில் தொடங்கிற்று. அதற்கு முன்னரே அவ்வாண்டில் ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம், பீகார் ஆகிய மாநிலங்களின் ஊரகப் பகுதிகளில் சோதனைப் பதிவுகள் நடைபெற்றன. உடலுழைப்பால் ரேகை தேய்ந்த கைகளிலிருந்து தெளிவான பதிவு கிடைக்குமா, கருவிழிப் பதிவு நடைமுறையில் இயலுமா என்பன போன்ற வினாக்களுக்குக் களத்திலேயே விடை தேடப்பட்டது. பத்து விரல்களோடு இரு கருவிழிகளையும் பதியும் முறை பின்பற்றப்பட்டது.

எனினும், ஒருமுறை பதிவதும் மாதந்தோறும் உணவுப்பொருள் கடையில் அடையாளம் உறுதி செய்வதும் வெவ்வேறு தேவைகள். பின்னதில் கருவி, இணைப்பு, விரலின் அன்றைய நிலை ஆகிய அனைத்தும் ஒருங்கே ஒத்துழைக்க வேண்டும். எவ்வளவு உயர்ந்த கருவியாயினும் சிலருக்குப் பொருந்தாமல் போவது உறுதி. யாருக்கு, என்று என்பதே தெரியாதது. ஆகவேதான், விரல்ரேகை பொருந்தாத காரணத்தாலோ ஆதார் இல்லாத காரணத்தாலோ எவருக்கும் உணவுப்பொருள் மறுக்கப்படலாகாது என்று மத்திய உணவு, பொது விநியோகத் துறை 2017இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. விதிவிலக்குக்கான வழி, பிழை நேர்ந்த பின் சுற்றறிக்கையால் சேர்க்கப்படுவதாக இருத்தலாகாது. தேவை ஆவணத்தின் முதல் பதிப்பிலேயே அதற்கு இடம் வேண்டும். அவ்வழியைக் கடைக்காரர் அறிந்திருக்க வேண்டும். எத்தனை முறை அது பயன்பட்டது என்ற கணக்கும் மேலிடத்திற்கு வர வேண்டும். அக்கணக்கு இல்லையேல், மறுக்கப்பட்டவர் எவருடைய பதிவேட்டிலும் இரார்.

படிப்படியான வளர்ச்சிக்கு இரயில்வே முன்பதிவு முறை நல்ல முன்னுதாரணம். 1985-86இல் டெல்லியில் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவு, பின்னர் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய மையங்களுக்குப் பரவியது. தொடக்கத்தில் ஒவ்வொரு மையமும் தனித்தே இயங்கியது. ஒரு மையத்தில் நின்றுகொண்டு மற்றொரு மையத்து இரயிலில் இடம் பெறும் தேவை, முறை பயன்பாட்டிற்கு வந்த பின்னரே பெரிதாக உணரப்பட்டது. மையங்கள் ஐந்தும் 1999இல் முழுமையாக இணைக்கப்பட்டன. 2002இல் இணையம் வழிப் பயணச்சீட்டு வந்தது. ஒரு தேவை நிறைவேறும்போதுதான் அடுத்த தேவை கண்ணுக்குத் தெரிகிறது. முதல் நாளிலேயே அனைத்தையும் எழுதிவிட வேண்டும் என்று காத்திருந்தால், எழுதியதும் தவறாக இருக்கும். பயணியும் வரிசையிலேயே நின்றிருப்பார்.

அலுவலர் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றை நடைமுறைக்குக் கொணர்வதற்குப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. தேவை ஆவணத்துடன் ஓர் இடர்ப் பதிவேட்டை இணைத்தால் போதும். ஒவ்வொரு தேவைக்கும் அதில் ஆறு பத்திகள் அமையலாம்: இதனைக் கூறியவர் யார், இதற்குக் காரணம் என்ன, எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறது, அறியாமை, முடிவின்மை, மாற்றம் என்பனவற்றுள் எவ்வகை ஐயம் உண்டு, பொய்த்தால் யாருக்கு என்ன இழப்பு, எந்தத் தேதிக்குள் யார் இதனைத் தீர்ப்பார். பெயரும் தேதியும் இல்லாத பதிவு வெறும் கவலையே. அது மேலாண்மை ஆகாது.

கேட்டறியும்போது துறைத் தலைவரோடு நில்லாமல், முகப்பில் அமர்ந்து படிவம் வாங்கும் எழுத்தரையும், படிவம் தர வருபவரையும் கேட்டல் வேண்டும். இப்போதைய முறையில் சிவப்பு மையால் ஓரத்தில் எழுதப்படும் குறிப்புகளைப் படித்தல் வேண்டும். எழுதப்படாத விதிகள் அங்கேதான் இருக்கும்.

ஒப்பந்தத்தில், உறுதியான தேவைகளுக்கு ஒட்டுமொத்த விலையும், ஐயமுள்ளவற்றிற்குக் கட்டம் கட்டமாக விலையும் அமைக்கலாம். ஐயமுள்ளதையும் உறுதியானதாகக் காட்டிக் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் முடிப்பது சிக்கனம் போலத் தோன்றும். திருத்தங்களின்போது அச்சிக்கனம் வட்டியுடன் வெளியேறும். மாற்றம் கோருவோர், ஆராய்வோர், ஒப்புதல் தருவோர் ஆகியோரை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். பழைய முறையை, புதியது நிலைபெறும்வரை கைவிடலாகாது. கைம்முறைக்குத் திரும்பும் ஒத்திகையையும் நடத்திப் பார்க்க வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒரு மனப்பான்மை தேவை. "இது எங்களுக்கு இன்னும் தெரியவில்லை" என்று எழுதும் இளநிலை அலுவலரைக் குறை கூறாத மேலதிகாரி வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஆவணத்தில் குறிப்பது திறமையின்மை ஆகாது. மண் ஆய்வில் பாறை தென்படவில்லை என்று உண்மையை எழுதும் பொறியாளரின் கடமையை ஒத்தது அது. அவர் அதனை மறைத்தால் பாலம் எழும்பும். வெள்ளம் வரும் வரை நிற்கவும் செய்யும். தேவைப் பட்டியலில் கையெழுத்திடும் அலுவலர், தம் பேனாவின் முனையில் எண்ணற்ற முகமறியா மனிதரின் மாத வருவாயும் உணவும் மருத்துவமும் தங்கியிருப்பதை நினைவிற்கொண்டு, உறுதியானது எது, ஊகமானது எது என்று ஒருமுறை பிரித்துப் பார்ப்பாராயின், திட்டத்தின் இடரில் பெரும்பகுதி அந்த மேசையிலேயே குறைந்துவிடும்.